பல் சிமெண்ட், எலும்புப் பொடி: எது எங்கே, எப்படிப் பயன்படுகிறது?

பல் பிடுங்கிய குழியில் எலும்புப் பொடி எனப்படும் கனிமத் துகளை வைத்தால் அங்கே எலும்பு முளைத்துவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதே பொடி ரத்தத்தில் கலந்து கிட்னியில் கல்லாகிவிடும் என்று நேரெதிரான பேச்சும் இருக்கிறது. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் பல் மருத்துவமனைக்குப் போனால் இரண்டையும் கேட்கலாம். "ஏனுங்க, இது நம்ம மதுக்கரை சிமெண்ட் மாதிரிதானுங்களா?" என்று வீடு கட்டும் சிமெண்டை நினைத்துக் கேட்பவர்களும் உண்டு. முதல் இரண்டு பேச்சும் தவறு. மூன்றாவது கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியை மட்டும் தெரிந்து வைத்திருப்பது ஆபத்து.

கனிமப் பொருளை உடம்புக்குள் வைப்பது பாதுகாப்பா என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. எந்தக் கனிமம், எவ்வளவு சுத்தம், துகள் என்ன பருமன், எந்த வேலைக்கு, எப்படிப்பட்ட இடத்தில் என்று பிரித்துக் கேட்க வேண்டும். பல் வேருக்குள் அருமையாக வேலை செய்யும் சிமெண்டைக் கடிக்கும் பரப்பில் வைத்தால் தேய்ந்து உதிர்ந்துவிடும். பொருள் அதேதான், வைத்த இடம்தான் தவறு.

பல்லும் எலும்பும் ஏற்கெனவே பெரும்பகுதி கனிமம்தான்

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம். மீதி, கொலாஜன் என்னும் நார்ப் புரதமும் தண்ணீரும். அந்தக் கனிமத்தின் பெயர் ஹைட்ராக்ஸிஅபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து உருவான நுண்படிகம் அது. பல்லின் வெளிப்புறத்தில் பளபளவென்று இருக்கும் எனாமலில் எடைக்கு 96 சதவீதம் வரை இதே வகைக் கனிமம்தான். அதனால் 'கல்லைக் கொண்டுபோய் உடம்புக்குள் வைக்கிறார்கள்' என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. நம் உடம்பு அந்தக் கல்லை ஏற்கெனவே நன்றாக அறியும்.

இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எலும்புக்குள் ரத்தக்குழாய் இருக்கிறது, எலும்பைக் கட்டும் செல்லும் இருக்கிறது, பழையதைக் கரைக்கும் செல்லும் இருக்கிறது. முறிந்தால் தானே கூடும். எனாமலில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. ஒருமுறை குழி விழுந்தால் விழுந்ததுதான்.

சுருக்கமாக: பல்லில் வைக்கும் பொருள் போன பகுதிக்குப் பதிலாக அங்கேயே நிற்க வேண்டும். எலும்பில் வைக்கும் பொருள், உடம்பு தன் வேலையை முடிக்கும் வரை இடத்தைப் பிடித்து வைத்திருந்தால் போதும். இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றவை எல்லாம் எளிது.

பல் நிறத்தில் அடைப்பது: காம்போசிட்

காம்போசிட் என்பது பிசுபிசுப்பான பிளாஸ்டிக் பிசினும் மிக நுண்ணிய கனிமத் தூளும் சேர்ந்த கலவை. எடையில் பெரும்பாலும் 60 முதல் 80 சதவீதம் கண்ணாடி, சிலிக்கா, சிர்கோனியா போன்ற தூள்தான். தூள் கூடினால் தேய்மானம் குறையும், இறுகும்போது சுருங்குவதும் குறையும்.

நீல வெளிச்சம் பட்டால் இது இறுகும். இதைத்தான் பல ஊர்களில் 'லேசர் அடைப்பு' என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அது லேசர் இல்லை. 470 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளம் கொண்ட நீல எல்.இ.டி. விளக்கு. லேசர் என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால், ஏன் என்று தாராளமாகக் கேளுங்கள். அந்த வெளிச்சத்தைக் கண்ணால் நேராகப் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் ஆரஞ்சு நிறக் கண்ணாடி தருகிறார்கள்.

வைக்கும் முறையில்தான் பிழை நுழைகிறது. சொத்தையை எடுத்த பிறகு 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி தடவிக் கழுவுவார்கள். பல்லின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டாகும். பிறகு பசை, அதன் மேல் காம்போசிட். அமிலம் கழுவிய பரப்பில் ஒரு சொட்டு எச்சில் பட்டால் போதும், அந்த நுண்குழிகள் அடைபட்டுப் பிடிப்பு போய்விடும். ரப்பர் டேம் எனப்படும் மெல்லிய ரப்பர் விரிப்பைப் பல்லைச் சுற்றி மாட்டுவது இதற்காகத்தான். வாய்க்குள் துணி திணித்த மாதிரி இருக்கிறது என்று அதைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

அடுத்தது ஆழம். வழக்கமான காம்போசிட்டில் வெளிச்சம் 2 மி.மீ. அளவுக்குத்தான் நம்பிக்கையாக இறங்கும். ஆழமான குழியை 2 மி.மீ. அடுக்குகளாக, அடுக்குக்குச் சுமார் 20 விநாடி வெளிச்சம் காட்டி நிரப்ப வேண்டும். 4 மி.மீ. வரை ஒரே அடுக்காக வைப்பதற்கென்றே தயாரித்த வகைகளும் உண்டு, ஆனால் எல்லாக் காம்போசிட்டும் அப்படி இல்லை. ஒரே திணிப்பில் அடைத்தால் மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் பாதி இறுகிய பிசின் தங்கும். கூச்சம், அடைப்பு ஆட்டம், அடியிலேயே மறுபடி சொத்தை என்று பின்னால் வரும் தொல்லைகளில் நிறைய இங்கே தொடங்குபவை. இறுகும்போது கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்குவதும் விளிம்பில் இடைவெளி விடும். அடுக்கடுக்காக வைப்பதால் அந்தச் சுருக்கத்தின் இழுவை குறையும்.

அடைத்த பிறகு அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால், அன்றைக்கே சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள். மரப்பு ஊசி போட்டிருந்தால் அப்போது தெரியாமல் போகலாம். மறுநாள் தெரிந்தாலும் திரும்பப் போங்கள். உயரம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் மெல்லும்போது பல் வலிக்கும், 'பழகிவிடும்' என்று விடுவது சரியில்லை.

வீட்டு வைத்தியம் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். கிராம்பில் உள்ள யூஜினால் காம்போசிட் பிசின் இறுகுவதைத் தடுக்கும். தைலம் வைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர் பரப்பை நன்றாகச் சுத்தம் செய்வார் அல்லது முதலில் வேறு தற்காலிக அடைப்பு வைப்பார். வெற்றிலைச் சுண்ணாம்பைச் சொத்தைக்குள் அப்புவது இதைவிட மோசம். பல் மருத்துவத்தில் கால்சியம் ஹைட்ராக்சைடு பயன்படுகிறது என்பது உண்மை. ஆனால் அது சுத்தமான மருத்துவத் தரப் பொருள், உலர்ந்த குழியின் அடியில் குறிப்பிட்ட இடத்தில் மெல்லிய படலமாக வைப்பது. பெட்டிக்கடைச் சுண்ணாம்பு ஈறையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் வேகவைத்துப் புண்ணாக்கும்.

கண்ணாடித் தூளும் அமிலமும்: ஜி.ஐ.சி.

கிளாஸ் அயனோமர் சிமெண்ட், சுருக்கமாக ஜி.ஐ.சி., இன்னொரு அடைப்புப் பொருள். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சன், கென்ட் இருவரும் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். புளோரைடு கலந்த கண்ணாடித் தூளைப் பாலிஅக்ரிலிக் அமிலக் கரைசலோடு குழைத்தால், அமிலம் கண்ணாடியின் மேற்பரப்பைக் கரைத்து, கரைந்து வந்த கால்சியமும் அலுமினியமும் அமிலச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும். பல்லில் உள்ள கால்சியத்தோடும் அதே அமிலம் பிணைந்துகொள்வதால் இதற்குத் தனிப் பசை வேண்டாம். குழந்தைகளின் பால் பற்களுக்கும், ஈறோரத் தேய்மானத்துக்கும், முழுக்க உலர வைக்க முடியாத இடங்களுக்கும் இது உதவும். கடைவாய்ப் பல்லின் பெரிய கடிபரப்பில் காம்போசிட் அளவுக்குத் தாங்காது.

குழைப்பதில் கவனம் வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன கரண்டிக் கணக்கில் தூளும் சொட்டுக் கணக்கில் திரவமும் எடுத்து, பெரும்பாலான வகைகளில் 30 முதல் 45 விநாடிக்குள் குழைத்து முடிக்க வேண்டும். கலவை பளபளப்பாக இருக்கும்போதே பல்லில் வைக்க வேண்டும். பளபளப்பு போன பிறகு வைத்தால், பல்லோடு பிணைய வேண்டிய அமிலம் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். இளக்கமாகக் குழைத்தால் வைக்க வசதியாக இருக்கும், ஆனால் பலம் குறையும், மிஞ்சிய அமிலம் கூச்சம் தரும்.

நம் பகுதியின் வெயிலும் இதில் குறுக்கிடும். கரூர் பரமத்தி பக்கம் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில், ஏசி இல்லாத அறையில் குழைத்தால் கலவை சீக்கிரமே இறுகிவிடும். குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் குழைத்தால் நேரம் கிடைக்கும். பலகையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பயன்படுத்தினால் அதன் மேல் பூத்த நீர்த்துளி கலவையில் சேர்ந்துவிடும், அதைத் துடைத்தே ஆக வேண்டும். தூள் டப்பா மூடியைத் திறந்து போட்டு வைப்பதும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

வைத்தவுடன் ஒரு வார்னிஷ் பூசுவார்கள். முதல் நாளில் எச்சில் பட்டால் மேற்பரப்பு கரையும், அளவுக்கு மீறி உலர்ந்தால் வெடிக்கும். அந்தப் பக்கம் அன்று முழுக்கக் கடினமானதைக் கடிக்காமல் இருப்பது நல்லது.

தண்ணீரில் புளோரைடு உள்ள ஊர்கள்

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் போர்த் தண்ணீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே புளோரோசிஸைக் குறைக்கவும் சேர்த்துத்தான் கொண்டுவரப்பட்டது. புளோரோசிஸ் என்பது பல் உருவாகும் வயதில் புளோரைடு மிகுந்த நீரைக் குடித்ததால் எனாமலில் வரும் வெள்ளை, மஞ்சள், பழுப்புக் கறை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

'ஏற்கெனவே புளோரைடால் கெட்ட பல்லில் புளோரைடு உள்ள சிமெண்டா?' என்ற கேள்வி நியாயமானது. ஜி.ஐ.சி.யிலிருந்து முதல் ஓரிரு நாள் புளோரைடு சற்றுக் கூடுதலாகக் கசியும், பிறகு மிகவும் குறைந்துவிடும். அளவு குடிநீரில் வரும் அளவோடு ஒப்பிட முடியாத அளவு சிறியது. முளைத்து முடிந்த பல்லில் புதிதாகப் புளோரோசிஸ் வரவும் வராது. உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புளோரோசிஸ் உள்ள எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாது, அதனால் காம்போசிட்டின் பிடிப்பு குறையலாம். டாக்டர் அமில ஜெல்லைக் கூடுதல் நேரம் வைக்கவோ, மேல் படலத்தை லேசாகத் தேய்க்கவோ வேண்டியிருக்கும். எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று அவர் கேட்டால் அது வெட்டிப் பேச்சு இல்லை.

மதுக்கரைக் கேள்விக்குப் பதில்: எம்.டி.ஏ.

வேர் சிகிச்சையில் பயன்படும் எம்.டி.ஏ., அதாவது மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட், உண்மையிலேயே வீடு கட்டும் சிமெண்டின் உறவுதான். அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் குழுவினர் உருவாக்கி, 1993-ல் வெளியுலகுக்கு வந்தது. முதல் வடிவத்தில் ஏறக்குறைய 75 சதவீதம் சுத்திகரித்த போர்ட்லேண்ட் சிமெண்ட், 20 சதவீதம் பிஸ்மத் ஆக்சைடு, 5 சதவீதம் ஜிப்சம். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்குத்தான் பிஸ்மத்.

தண்ணீர் சேர்ந்ததும் கால்சியம் சிலிக்கேட் இறுகி, கால்சியம் ஹைட்ராக்சைடை வெளியிடும். காரத்தன்மை பிஹெச் 12-ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் கிருமி வாழ்வது கடினம், அதே சமயம் பல்லின் உயிர்த்தசை அதன் அடியில் புதிய கனிமச் சுவர் எழுப்பத் தூண்டப்படும். பிள்ளைகளின் நுனி மூடாத வேர், தவறுதலாக ஓட்டை விழுந்த வேர், ஆழமான சொத்தையில் வெளியே தெரிந்த உயிர்த்தசை ஆகிய இடங்களில் இது கைகொடுக்கும்.

அப்படியானால் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தால் ஆகாதா? ஆகாது. கட்டுமானச் சிமெண்டில் ஆர்செனிக், ஈயம் போன்றவை எவ்வளவு என்று உடம்பை மனதில் வைத்து யாரும் கட்டுப்படுத்துவதில்லை. துகள் பெரியது, சீரில்லாதது. கிருமி நீக்கம் கிடையாது. எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாததால், எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கவும் முடியாது. இப்போது வரும் பல வகைகள் சுண்ணாம்புக்கல் சூளையிலிருந்து வருபவையே அல்ல, சுத்தமான வேதிப்பொருளிலிருந்து தனியாகத் தயாரிக்கப்படுபவை.

பயன்படுத்துவதில் மூன்று இடங்களில் தவறு நேரும். ஒன்று தண்ணீர். எடைக்கு மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு கிருமி நீக்கிய நீர் என்பது பழைய வகையின் கணக்கு. நீர் கூடினால் நுண்துளை கூடும், பலம் போகும். இரண்டு, நேரம். முதல் வகை இறுகச் சுமார் 2 மணி 45 நிமிடம் ஆகும். அதனால்தான் மேலே ஈரப்பஞ்சு வைத்துத் தற்காலிகமாக மூடி இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். பயோடென்டின் போன்ற பிந்தைய வகைகள் 12 நிமிடத்தை ஒட்டி இறுகும். மூன்று, சீழ். சீழ் பிடித்த இடம் அமிலமாக இருக்கும், அதில் இந்தச் சிமெண்ட் சரியாக இறுகாது. முதலில் சீழை அடக்கி, பிறகு வைப்பதுதான் முறை. 'ஒரே நாளில் முடித்துவிடுங்கள்' என்று அவசரப்படுத்துவது நமக்கே நஷ்டம். பிஸ்மத் உள்ள வகையை முன்பற்களில் வைத்தால் நாளடைவில் பல் சாம்பல் நிறமாகலாம். அங்கே சிர்கோனியம் சேர்த்த வகையைக் கேட்பது நல்லது.

இதுவரை பார்த்த மூன்றும் பல்லுக்குள் நிரந்தரமாக நிற்க வேண்டியவை. இனி எலும்பு.

எலும்புப் பொடி ஒரு பந்தல்

தொண்டாமுத்தூர், உடுமலை பக்கம் பாவக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் போடும் பந்தலைப் பார்த்திருப்பீர்கள். பந்தல் காய்க்காது. கொடி ஏறுவதற்கு இடமும் பிடிப்பும் தரும், அவ்வளவுதான். கொடி வர மண்ணில் உயிர் வேண்டும், தண்ணீர் வேண்டும். எலும்பில் வைக்கும் கனிமத் துகளும் அப்படித்தான். துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் முதலில் ரத்தக்குழாய் ஏறும், அதன் பின்னால் எலும்புச் செல்கள் ஏறி எலும்பு கட்டும். சுற்றிலும் உயிருள்ள எலும்பு இல்லாத இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த பொடி வைத்தாலும் அது பொடியாகவேதான் கிடக்கும்.

இடைவெளி முக்கியம். துகளுக்குள் உள்ள நுண்துளை குறைந்தது 100 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.), 300 மைக்ரானுக்கு மேல் இருந்தால் ரத்தக்குழாய் ஏற இன்னும் வசதி. பல் குழிக்குப் பெரும்பாலும் கால் முதல் 1 மி.மீ. வரை பருமனுள்ள துகள். மாவு மாதிரி மிக நைசாக இருந்தால், உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்க முயன்று வீக்கம் உண்டாகும். 'நைசா இருந்தா நல்லது' என்ற எண்ணம் இங்கே தலைகீழ்.

பந்தல் கால் கல்லா மூங்கிலா என்பது போல, இந்தப் பொருள்களும் எவ்வளவு காலம் நிற்கும் என்பதில் வேறுபடும். கால்சியம் சல்பேட் ஓரிரண்டு மாதத்தில், அதிகம் போனால் மூன்று மாதத்தில் கரைந்துவிடும். ட்ரைகால்சியம் பாஸ்பேட் ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை எடுக்கும். ஹைட்ராக்ஸிஅபடைட் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். சீக்கிரம் கரைந்தால் கொடி ஏறுவதற்குள் பந்தல் சாய்ந்துவிடும், கரையவே கரையாவிட்டால் புதிய எலும்புக்கு முழு இடம் கிடைக்காது. அதனால் பின்னிரண்டையும் கலந்து விற்கிறார்கள். பயோ கிளாஸ் என்பது இன்னொரு வகை, 1969-ல் அமெரிக்காவில் லாரி ஹென்ச் உருவாக்கிய கண்ணாடி. உடம்பு நீரில் பட்டதும் அதன் மேல் எலும்புக் கனிமப் படலம் தானே உருவாகும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனமும் இந்த வகைப் பொருள்களை நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது.

மேலே சொன்னவை ஆய்வகத்தில் தயாரித்தவை. இவை தவிர நோயாளியின் சொந்த எலும்பு, தானமாகப் பெற்ற மனித எலும்பு, மாட்டெலும்பிலிருந்து புரதத்தை நீக்கி எடுத்த கனிமம் ஆகியவையும் உண்டு. மேலே மூடும் கொலாஜன் படலம் மாடு அல்லது பன்றியிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். சைவக் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. எதிலிருந்து எடுத்தது என்று வைப்பதற்கு முன்பே சொல்வது டாக்டரின் கடமை, கேட்பது நம் உரிமை. செயற்கை வகை பெரும்பாலான பல் குழிகளுக்குப் போதும். பிறகு தெரிந்து மனம் நோவதைவிட முன்பே கேட்டுவிடுவது மேல்.

குழியில் வைக்கும் முறை

பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு தானே சுருங்கும். முதல் ஓராண்டில் அகலத்தில் பாதி வரை போகலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். பின்னால் இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர், வைக்க நினைப்பவர்களுக்குத்தான் பொடியால் பெரிய பயன். இம்ப்ளான்டே வேண்டாம் என்று முடிவு செய்தவருக்குச் சாதாரணக் குழி தானாகவே ஆறும். அவருக்கும் பொடி விற்பதை நான் சரியென்று நினைக்கவில்லை.

பல்லை எலும்புச் சுவர் உடையாமல் எடுத்து, குழிக்குள் உள்ள சீழ்த்தசையை முழுக்கச் சுரண்டி, நல்ல ரத்தம் ஊறுவதைப் பார்த்த பிறகே பொடி வைக்க வேண்டும். ஒரு பல் குழிக்கு கால் முதல் அரை கிராம் போதும். துகளை சலைன் நீரிலோ நோயாளியின் ரத்தத்திலோ நனைத்து, எலும்பு விளிம்பு மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். இடித்துத் திணிக்கக் கூடாது, திணித்தால் துகளிடை வழி அடைபட்டு ரத்தக்குழாய் ஏறாது. மேலே படலம், தையல். ஈறுத்தசை வேகமாக வளரும், எலும்பு மெதுவாக வளரும். படலம் இல்லாவிட்டால் ஈறு முந்திக்கொண்டு குழியை நிரப்பிவிடும்.

தையல் 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். முதல் வாரத்தில் மணல் மாதிரி ஓரிரு துகள் வாயில் வருவது சகஜம். தினமும் வந்துகொண்டே இருந்தால், நாற்றம் இருந்தால், நான்காம் நாளுக்குப் பிறகு வலியும் வீக்கமும் ஏறினால் உடனே காட்டுங்கள். வேகமாகக் கொப்பளிப்பது, ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுவது இரண்டும் ரத்தக்கட்டைக் கிளப்பிவிடும். இம்ப்ளான்டுக்கு முன் 4 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டும்.

முன்பே சொல்ல வேண்டியவை

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாம் ரத்த ஓட்டத்தைக் குறைத்துப் பொடி தோற்கக் காரணமாகும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் அப்படியே. மூன்று மாதச் சராசரி ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ அலெண்ட்ரோனேட், ஸோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்து எடுப்பவர்கள், எடுத்து நிறுத்தியவர்கள்கூட, கட்டாயம் சொல்ல வேண்டும். இவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு அழுகும் ஆபத்து உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசி என்பதால் பலர் அதை மருந்து என்றே எண்ணாமல் சொல்ல மறந்துவிடுகிறார்கள். தாடைப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை எடுத்தவர்களும் அப்படியே. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், அதை எழுதித் தந்த டாக்டரைக் கேட்காமல் தாமாக நிறுத்தக் கூடாது.

கை கால் எலும்பில்

வண்டி விபத்தில் முழங்கால் மூட்டுக்குக் கீழே எலும்பு அமுங்கிவிட்டால், தூக்கி நிறுத்திய இடத்தில் பள்ளம் இருக்கும். அங்கே கனிமத் துகளோ கால்சியம் பாஸ்பேட் சிமெண்டோ நிரப்புவார்கள். இந்தச் சிமெண்ட் அழுத்தத்தை ஓரளவு தாங்கும், வளைவையும் முறுக்கையும் தாங்காது. எடையைச் சுமப்பது பிளேட்டும் ஸ்குரூவும்தான். 'சிமெண்ட் வெச்சாச்சு, நடக்கலாமுங்க' என்று யார் சொன்னாலும், அறுவை செய்த டாக்டர் சொல்லும் வரை காலை ஊன்றாதீர்கள்.

மாவுக்கட்டில் இருப்பதும் கால்சியம் சல்பேட்தான். 1892-லேயே ஜெர்மனியில் டிரீஸ்மன் என்பவர் எலும்புப் பள்ளத்தை இதனால் நிரப்பியிருக்கிறார். உள்ளே வைப்பது மருத்துவத் தரத்தில் சுத்திகரித்தது, வெளியே கட்டுவது அப்படியல்ல. எலும்பில் சீழ் பிடித்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் கலந்த கால்சியம் சல்பேட் மணிகளை வைப்பார்கள். அது கரையும்போது சிலருக்குக் காயத்திலிருந்து வெள்ளையாக நீர் கசியும். எல்லாக் கசிவும் சீழ் இல்லை, ஆனாலும் அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர்.

முதுகெலும்பிலும் மூட்டு மாற்றிலும் வைக்கும் 'போன் சிமெண்ட்' வேறு பொருள். அது அக்ரிலிக் பிளாஸ்டிக். இறுகும்போது சூடாகும், எலும்பாக மாறாது, கரையாது. பெயர் ஒன்று என்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிட்னிக் கல், தூசி, ஸ்கேன்

அரை கிராம் பொடியில் கால்சியம் ஏறக்குறைய 200 மில்லிகிராம். ஒரு டம்ளர் பசும்பாலில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவு. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பொடியில் உள்ள அந்தச் சிறிய அளவும் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் கரைகிறது. இதனால் கிட்னியில் கல் வர வழியில்லை. நம் பக்கம் கல் வருவதற்கு வெயிலில் வேலை செய்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் இருப்பதே பெரிய காரணம்.

கல்குவாரியிலும் ஃபவுண்டரியிலும் வரும் சிலிக்கோசிஸ் இதிலும் வருமா என்ற கேள்வி உண்டு. அந்த நோய், படிகச் சிலிக்காத் தூசியை ஆண்டுக்கணக்கில் மூச்சில் இழுப்பதால் வருவது. இறுகிய அடைப்பிலிருந்து நோயாளிக்கு அப்படித் தூசி வராது. தேய்க்கும்போதும் பழைய அடைப்பை அறுக்கும்போதும் தூசி பறக்கும், தினமும் அதில் நிற்கும் டாக்டர், உதவியாளர், குறிப்பாகப் பல் செட் செய்யும் லேப் தொழிலாளர்களுக்குத்தான் ஆபத்து. தண்ணீர் பீய்ச்சி, உறிஞ்சும் குழாயை அருகில் பிடித்து, என்95 முகக்கவசம் போட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

கனிம அடைப்பும் பொடியும் காந்தத்தால் ஈர்க்கப்படாதவை. எம்.ஆர்.ஐ. எடுக்க இவை தடையில்லை.

டப்பாவைப் பாருங்கள்

எலும்புப் பொடி கிருமி நீக்கம் செய்த சிறு குப்பியில் வரும். ஒரு குப்பி ஒரு நோயாளிக்கு மட்டும். மிஞ்சியதை மூடி வைத்து அடுத்தவருக்கு வைப்பது விலை குறைப்பு இல்லை, கிருமியைப் பங்கு போடுவது. 2017-ன் மருத்துவக் கருவிகள் விதிகளின் கீழ் இவை உரிமம் பெற்று விற்கப்பட வேண்டியவை. அதனால் லேபிளில் உற்பத்தி அல்லது இறக்குமதி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கும். குப்பியை உங்கள் முன் திறக்கச் சொல்லுங்கள். பல குப்பிகளோடு ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் ஒன்று வரும், அதை உங்கள் சிகிச்சைச் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஹைட்ராக்ஸிஅபடைட் எக்ஸ்ரேயில் ஆண்டுக்கணக்கில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். பின்னால் வேறு ஊரில் வேறு டாக்டர் பார்த்தால், அந்தச் சீட்டு இல்லாமல் அது என்னவென்று அவருக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. பொருளால் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால், மருத்துவக் கருவிகளின் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015 முதல் இயங்கும் தேசியத் திட்டம் ஒன்று உண்டு. அதில் புகார் எழுதும்போது முதலில் கேட்பது பேட்ச் எண்.